தலையைச் சாய்த்துக் கேட்ட கரடி

சின்னவளுக்கு என்ன வேலை என்று யாராவது புதிதாகக் கேட்டால் அவள் கணவர்தான் முந்திக்கொள்வார். சுற்றி வளைக்க மாட்டார். "காட்டுல கரடி வெளிக்குப் போயிருந்தா அதை அள்ளிட்டு வந்து குடுப்பாங்க. இவ அதைக் கரைச்சு, வடிகட்டி, புழு இருக்கான்னு பார்ப்பா," என்பார். கேட்டவர் கையிலிருக்கும் தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றுவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதில் அவருக்கு ஓர் அலாதிச் சந்தோஷம். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஆய்வுக்கூடத்து ஃபிரிட்ஜ் மக்கர் செய்தபோது பழுது பார்க்கப் போனவர், உள்ளே அடுக்கியிருந்த புட்டிகளில் ஒன்றைச் சும்மா இருக்காமல் திறந்து முகர்ந்து பார்த்து, மயங்கி விழாத குறையாக வெளியே வந்தார். அப்போது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள்தான் சின்னவள். கல்யாணமே அந்த நாற்றத்தில்தான் முடிவானது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

மலையேறும் சாலை திரும்புகிற இடத்தில், பழைய மரக்கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். காட்டு விலங்குகளின் நோய்களைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. அங்கே ஒரு கால்நடை டாக்டரும் சின்னவளும்தான் நிரந்தரம். சாணத்தை உப்புக் கரைசலில் கலக்கி நிறுத்தினால் புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். கண்ணாடித் துண்டில் ஒற்றியெடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், தடித்த ஓட்டோடு, பொன்னிறத்தில், ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பழம்போலத் தெரியும். வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் கரடியின் நாக்குத் துண்டு வேறு விதம். அதன் சதைக்குள் நுண்புழுக்கள் சுருண்டு படுத்திருக்கும். கரடி செத்து உறைந்து மாதக் கணக்கில் ஆகியும் அந்தச் சுருளுக்கு மட்டும் உயிர் போயிருக்காது. வெதுவெதுப்பு பட்டதும் யாரோ கூப்பிட்டதுபோல மெல்லப் பிரியும். முதல் முறை பார்த்தபோது சின்னவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது. பயந்த சுபாவம் என்று யாரும் அவளைச் சொல்ல முடியாது.

பயப்படுகிற ஆள் என்றால் அது அவள் அக்கா. இடிக்குப் பயம், இருட்டுக்குப் பயம், தபால்காரர் கதவைத் தட்டினால் பயம். அந்த அக்கா போய் ஒரு வனக்காவலரைக் கட்டிக்கொண்டாள். அத்தான் மலையிலேயே கிடப்பவர். அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. யாராவது பேசினால் இடது காதைக் கொடுப்பதற்காகத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அசையாமல் நின்று கேட்பார். அப்படி அவர் நின்று கேட்கும்போது, சொல்கிறவர்களுக்கே தாங்கள் ஏதோ பெரிய விஷயம் சொல்வதுபோல ஒரு நினைப்பு வந்துவிடும். அக்கா அவரிடம் மயங்கியதே அதில்தானாம்.

முதல் பனி விழுந்த அன்று அத்தான் மேல்மலைக்குப் போனார். திரும்பவில்லை. காவலர்கள் எல்லோரும் தேடினார்கள். அத்தானோடு எப்போதும் ஜோடியாகச் சுற்றும் நெட்டைக் காவலர் தூக்கமில்லாமல் அலைந்து, கால் விரல்கள் கறுத்துப்போய்த் திரும்பி வந்தார். பனி எல்லாத் தடத்தையும் மூடிவிட்டது. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. ஆள் இல்லை என்று அழவும் முடியாமல், இருக்கிறார் என்று நம்பவும் முடியாமல், அக்கா அந்தக் குளிர்காலம் முழுவதும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நடைப்பிணமாக இருந்தாள்.

பனி உருகத் தொடங்கியதும் கரடி வந்தது.

கரடி ஊருக்குள் வருவது புதிதல்ல. குப்பைத்தொட்டியை உருட்டும், தகரத்தைத் தட்டினால் ஓடிவிடும். இது பட்டப்பகலில் வந்தது. கீழ்த்தெருவின் கடைசி வீடு அக்காவுடையது. பின்பக்கம் சின்ன முற்றம், கம்பி வேலி, அதற்கப்பால் காடு. கரடி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. நின்று வீட்டையே பார்த்தது. தெருவில் உள்ளவர்கள் தகரம் அடித்தார்கள், கல் எறிந்தார்கள். கல் பட்ட இடத்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைவிட எல்லோரையும் அதிகம் பயமுறுத்தியது வேறொன்று. நிழல் அசைந்தால் குரைக்கிற தெருநாய்கள் அன்று ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வாலைக் குழைத்துக்கொண்டு வேலியோரம் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

தகவல் தெரிந்து சின்னவள் போனபோது அக்கா சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மூடுபனி முற்றம்வரை இறங்கியிருந்தது. அதற்குள் கரடி ஒரு கறுத்த குவியலாக நின்றது. ஜன்னலைத் திறக்கவே பயப்படும் அக்காவின் முகத்தில் பயத்தின் சுவடே இல்லை. அதுதான் சின்னவளைத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னலை மூடச் சொன்னாள். அக்கா மூடவில்லை. தலையை வெளியே நீட்டி, மாலையில் வீடு திரும்புகிறவரிடம் பேசுவதுபோல, சாதாரணமாகக் கூப்பிட்டாள்.

"என்னங்க."

கரடி மெதுவாகத் தலையை ஒரு பக்கம் சாய்த்தது. இடது காதை வீட்டுப் பக்கம் கொடுத்து, அசையாமல் நின்றது.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "வேற யாரு இப்படி நின்னு கேப்பாங்க, சொல்லு."

சின்னவள் ஏதாவது சொல்ல வேண்டும், சிரிக்கவாவது வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா கரடிக்கு வீட்டு நிலவரம் சொல்லத் தொடங்கியிருந்தாள். கூரையில் ஒரு பலகை பெயர்ந்துவிட்டது, சலவைக்கூடத்துக்குப் புதிய மேற்பார்வையாளர் வந்திருக்கிறார், அவர் வாயைத் திறந்தாலே சிடுசிடுப்பு. எல்லாவற்றையும் கரடி கேட்டது. கேட்டு முடித்ததும் திரும்பி, நேராக நடக்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே வளைந்து வளைந்து பனிக்குள் போனது. நாய்கள் எழுந்து கலைந்தன.

அன்று வீட்டில் சின்னவள் இதைச் சொன்னபோது கணவர் ஏதோ கேலி பேசத் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் விழுங்கிக்கொண்டார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. அத்தான்தான் கரடிக்குள் இருக்கிறார் என்று அக்கா சொல்வதைப் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், அக்காவுக்கும் புத்தி கலங்கிவிட்டது, கரடிக்கும் வெறி பிடித்துவிட்டது, கடித்து வைப்பதற்குள் சுட்டுவிட வேண்டும் என்றார்கள். வனத்துறை மேலதிகாரி சுடுவதற்குத்தான் சாய்ந்தார். ஆய்வுக்கூடத்து டாக்டர் மறித்தார். வெறிநோயாக இருந்தால் இத்தனை நாள் தாங்காது, இது வேறு ஏதோ என்றார். தலை சாய்வதும் நடை வளைவதும் மூளையில் புகுந்த புழுவாலும் இருக்கலாம், அப்படியானால் காட்டில் மற்ற கரடிகளுக்கும் அது பரவியிருக்கலாம், சுடுவதற்கு முன் தெரிந்துகொள்வதுதான் எல்லோருக்கும் நல்லது என்று பேசி, கொஞ்சம் அவகாசம் வாங்கினார். முதலில் சாணம் வேண்டும். கரடி எந்த வழியாக வந்து போகிறது என்று பார்த்துப் பின்னாலேயே போய் எடுத்துவரும் வேலை நெட்டைக் காவலருக்கு.

அவர் கொண்டுவந்தது வழக்கமான சாணம் அல்ல. உலர்ந்து, இறுகி, மரக்கட்டை போல இருந்தது. சின்னவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. குளிர்காலம் முழுவதும் குகையில் தூங்கும் கரடிக்குக் குடலின் வாயில் ஓர் அடைப்பு விழும். தூக்கத்தில் நக்கி விழுங்கிய ரோமம், படுக்கைப் புல், சருகு எல்லாம் சேர்ந்து இறுகியது அது. எழுந்து வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் தள்ளும். ஆகவே அது கிடந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கேயோ குகை இருக்க வேண்டும்.

அவள் அதை வெந்நீரில் ஊறப்போட்டாள். மாடியில் அன்று அவள் மட்டும்தான். டாக்டர் கீழே தொலைபேசியில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே ஃபிரிட்ஜின் முனகல். ஊறியதை உதிர்த்து ஒரு துளி எடுத்துப் பார்த்தாள். முட்டை எதுவும் இல்லை. தூங்கப் போகும் முன் கரடிகள் பெரும்பாலும் புழுவைக் கழித்துவிடும், வசந்தத்தில் குடல் காலியாக இருப்பது அதிசயமில்லை. மீதியைச் சல்லடையில் ஊற்றிக் குழாயைத் திறந்தாள். புல் நார் வந்தது. கறுப்பு ரோமம் வந்தது. தண்ணீர் தெளியத் தெளிய, ரோமத்துக்கு நடுவில் ஏதோ சுருண்டு கிடந்தது. முதலில் புழு என்றுதான் நினைத்தாள். இடுக்கியால் பிடித்து இழுத்தாள். அது நீண்டுகொண்டே வந்தது.

கம்பளி நூல். மஞ்சள் நிறம், நடுநடுவே சாம்பல் புள்ளி.

அந்த நூலை வாங்கிக் கொடுத்தவளே சின்னவள்தான். நகரத்துக்குப் போயிருந்தபோது கடையில் மிச்சம் கிடந்தது என்று மலிவாக வாங்கி வந்தாள். அந்த நிறம் யாருக்கும் பிடிக்காது என்று அக்கா கேலி செய்துவிட்டு, அதிலேயே அத்தானுக்குக் காது மூடும் தொப்பி பின்னினாள். அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் கடைசியாக மலையேறினார்.

 குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்று அக்கா "என்னங்க" என்று கூப்பிட்டது காதில் கேட்டது. அத்தான் அந்தக் கரடிக்குள்தான் இருக்கிறார் என்று அக்கா சொன்னது வேறொரு கணக்கில் மெய்யாகிவிட்டதே என்று சின்னவள் நினைத்தாள். எத்தனையோ வருஷமாக எந்த நாற்றத்துக்கும் அசையாதவள் ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தியெடுத்தாள்.

சத்தம் கேட்டு டாக்டர் மேலே வந்தார். அவள் இடுக்கியில் பிடித்த நூலை நீட்டினாள். யாருடையது என்றும் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அவசரப்பட்டு மனசைக் கெடுத்துக்காதம்மா," என்றார் கடைசியில். "எலும்புத் துணுக்கு ஒண்ணுகூட இதுல இல்ல. நானும் பாத்துட்டேன், நீயும் பாத்துட்ட. போய்ப் பாக்கறவரைக்கும் அக்காகிட்ட வாய் திறக்காத."

மறுநாள் காலை நெட்டைக் காவலர் முன்னால் நடக்க, டாக்டரும் சின்னவளும் இன்னும் இரண்டு காவலர்களும் ஏறினார்கள். அவளை வர வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. சாணம் கிடந்த சரிவுக்கு மேலே, வேரோடு சாய்ந்த பெரிய மரம் ஒன்று. வேருக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்குத் துவாரம். தேடியபோது இந்த வழியாகவே போனதாக நெட்டைக் காவலர் சொன்னார். அப்போது மொத்தமும் பனி மூடிச் சமதரையாக இருந்ததாம். 

கரடி உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு அவர்தான் டார்ச் விளக்கோடு முதலில் நுழைந்தார்.  பிறகு உள்ளிருந்து மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, "இருக்காரு" என்றார்.

அத்தான் முழுசாக இருந்தார். குளிர் அவரைக் கெடவிடவில்லை. முழங்காலை மடக்கி, கைகளை மார்போடு சேர்த்து, பாறைப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கால் மட்டும் ஒன்று கணுக்காலில் முறிந்திருந்தது. விழுந்து, நடக்க முடியாமல், பனிக்கு ஒதுங்கத் தவழ்ந்து வந்திருக்கிறார். அவர் முதுகோடு ஒட்டினாற்போல, இன்னொரு பெரிய உடல் படுத்து எழுந்த பள்ளம் இருந்தது. அதில் கறுப்பு ரோமம். அவர்மேல் தோள்வரைக்கும் காய்ந்த புல்லும் சருகும் இழுத்து மூடியிருந்தது. அதை மூடியது அவரா, கரடியா, யாராலும் சொல்ல முடியவில்லை. இருவரில் யார் முதலில் வந்தார்கள் என்பதும், கரடி வந்து படுத்தபோது அவருக்கு உயிர் இருந்ததா என்பதும் தெரியவில்லை.

தொப்பியில் வலது காதை மூடும் மடிப்பு மட்டும் இல்லை. நக்கி நக்கியே கரைந்ததுபோல அந்த இடத்தில் நூல் பிரிந்து தொங்கியது. அடியில் அந்தக் கேளாத காது வெளுப்பாகத் தெரிந்தது. வலிக்கு அவர் அதில் மருந்தெண்ணெய் விட்டுக்கொள்வது உண்டு, அந்த வாசனைக்குக் கரடி அரைத்தூக்கத்தில் நக்கியிருக்கும் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு, தானே அதை முழுதாக நம்பாதவர்போல வெளியே பார்த்துக்கொண்டார்.

அக்காவிடம் சொல்லும் பொறுப்பு சின்னவளுக்கு வந்தது. சலவைக்கூடத்துக்கே போனாள். நீராவி மண்டிய நீண்ட அறை. அக்கா ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பிடிக்க ஆளில்லாமல் நின்றாள். சின்னவள் போய் மற்ற இரண்டு முனைகளையும் பிடித்தாள். இழுத்து, உதறி, மடித்து, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்த நேரத்தில், அக்காவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நூலிலிருந்து கடைசிவரை ஒன்றையும் மறைக்கவில்லை.

அக்கா அழுது புரள்வாள் என்று சின்னவள் எதிர்பார்த்திருந்தாள். அக்கா விரிப்பைக் கடைசி மடிப்புவரை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். கையால் தடவிச் சுருக்கம் நீக்கினாள்.

"குளிர்காலம் முழுக்கப் பக்கத்துலயே படுத்திருந்துச்சா?"

"ஆமாக்கா."

"அப்ப அவர் மேல இருந்த வாசனையைப் புடிச்சுக்கிட்டுத்தான் வீட்டைத் தேடி வந்திருக்கு. நாய்ங்களுக்கும் அதான் தெரிஞ்சிருக்கு." மடித்த விரிப்பை இன்னொரு முறை தடவிவிட்டுச் சொன்னாள்: "நான் என்னமோ அவரேன்னு நெனச்சுட்டேன்." அதற்குப் பிறகுதான் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

அத்தானை அடக்கம் செய்த அன்று கரடி வரவில்லை. எல்லோரும் அது வரும் என்று எதிர்பார்த்துக் காட்டுப் பக்கமே கண்ணாக இருந்தார்கள். அடுத்த நாள் வழக்கம்போல வேலியோரம் வந்து நின்றது.

இனியும் தாமதிக்க முடியாது, மயக்க ஊசி போட்டுப் பிடித்துவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார். இரத்தமும் தோலும் எடுத்துப் பார்த்துத் தீர்க்க முடிந்த நோயென்றால் விட்டுவிடலாம், இல்லையென்றால் மேலதிகாரி சொன்னபடி. ஊசித் துப்பாக்கியோடு நெட்டைக் காவலர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். கரடியோ நிலைகொள்ளாமல் வேலியோரம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. குறி கிடைக்கவில்லை. அப்போது அக்கா யாரையும் கேட்காமல் முற்றத்தில் இறங்கிவிட்டாள். சின்னவள் பிடிக்கப் போனாள். டாக்டர் அவள் தோளைப் பற்றி நிறுத்தினார்.

வேலிக்கு இந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் போய் நின்றாள் அக்கா. இந்த முறை "என்னங்க" என்று கூப்பிடவில்லை.

"ஏய், இங்க பாரு," என்றாள். "அவருக்குத் துணைக்கு இருந்தியே, அது போதும். இப்ப கொஞ்சம் அசையாம நில்லு. உன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

கரடி நின்றது. தலையைச் சாய்த்தது. ஊசி தோளில் தைத்தபோதுகூட அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னங்கால் முதலில் மடிந்தது, பிறகு மொத்த உடம்பும். தலை தரையில் பட்டதும் நாய்களில் ஒன்று முதல் முறையாக ஊளையிட்டது.

கண்ணைத் துணியால் கட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். சின்னவள் இரத்தம் எடுத்தாள். தோலைச் சுரண்டி எடுத்தாள். கரடியின் மூச்சு அவள் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். இடது காதைப் புரட்டினார், சுத்தமாக இருந்தது. வலது காதைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே துவாரமே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில், அப்பளம் அப்பளமாக, பொருக்கு கட்டி அடைத்திருந்தது. அதைக் கொஞ்சம் நெம்பி எடுத்து, முற்றத்திலேயே வைத்திருந்த சிறிய மைக்ரோஸ்கோப்பில் சின்னவள் வைத்தாள். வட்ட வெளிச்சத்துக்குள் கால்கள். எண்ணி முடியாத நுண்ணிய உண்ணிகள், கண்ணாடிபோல் வெளுத்தவை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடந்துகொண்டிருந்தன. காரணம் மூளைப் புழு அல்ல. காதுச் சிரங்கு. உள்காதுவரை புண்ணாகியிருந்ததால்தான் தலை சாய்ந்ததும், நடை வளைந்ததும்.

"வலது காது இதுக்குச் சுத்தமா கேக்காது," என்றார் டாக்டர், மிக மெதுவாக.

அக்கா அதைக் கேட்டாளா என்று சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா கரடியின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, அந்தப் பொருக்குக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது தீர்க்க முடிந்த நோய்தான். உண்ணியைக் கொல்லும் மருந்தைத் தோலடியில் போட்டால் சரியாகிவிடும், ஒரு முறை போட்டது பல நாள் வேலை செய்யும். சின்னவள் மருந்தை உறிஞ்சி ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, போடாமல் நின்றாள். காது சரியானால் கரடி தலையைச் சாய்க்காது. அக்காவுக்கு மிச்சமிருந்த அந்த ஒன்றும் போய்விடும். 

"போடுடி," என்றாள் அக்கா, நிமிராமலே. "அவருக்கும் எவ்வளவு வலிச்சிருக்கும். வெளிய சொல்லவே மாட்டார்."

போட்டாள். கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்திய பட்டையும் மாட்டினார்கள். மயக்கம் தெளிந்து கரடி தள்ளாடி எழுந்து காட்டுக்குள் போனது. அதன்பின் சில நாட்கள் வந்தது. ஒவ்வொரு நாளும் சாய்வு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் நேராக நிமிர்ந்த தலையோடு வந்து நின்று வீட்டைப் பார்த்தது. அக்கா ஜன்னலில் இருந்தாள், கூப்பிடவில்லை. நாய்கள் குரைத்தன. கரடி திடுக்கிட்டு, எல்லாக் கரடியையும்போலப் புதருக்குள் பாய்ந்து ஓடியது. திரும்ப வரவில்லை.

ஊர் அதை மறந்துவிட்டது. அக்கா சலவைக்கூடத்துக்குப் போய்வந்தாள், புதிய மேற்பார்வையாளரோடு சண்டை போட்டாள், அவரையே ஒருநாள் வாயடைக்கச் செய்தாள். இடி இடித்தால் இப்போது ஜன்னலை மூடுவதில்லை. சின்னவளின் கணவர் கூரைப் பலகையைச் சரிசெய்து கொடுத்தார். அடுத்த குளிர்காலம் வந்தது. கழுத்துப்பட்டையின் சமிக்ஞை அந்தச் சாய்ந்த மரத்தடியிலேயே நின்றுவிட்டது. கரடி அதே குகைக்குத்தான் போயிருந்தது.

பனி உருகி, சமிக்ஞை நகர்ந்து வெகுதூரம் போனதும், காது முற்றிலும் ஆறிவிட்டதா என்று பார்க்க, குகையிலிருந்து ரோமமும், கரடி தள்ளிய குடல் அடைப்பும் எடுத்துவரச் சின்னவளை டாக்டர் அனுப்பினார். நெட்டைக் காவலர் வெளியே நின்றார். அவள் தவழ்ந்து உள்ளே போனாள். விளக்கை உயர்த்திப் பார்த்தாள். கரடி குகையின் ஒரு பாதியில் மட்டும்தான் படுத்து எழுந்து போயிருந்தது. அந்தப் பாதி புல்லும் ரோமமுமாக அழுந்திக் கிடந்தது. பாறையோரப் பாதியில் கால் படவில்லை, ஒரு ரோமம் இல்லை. ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்குப் புதிய புல் பரப்பியிருந்தது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் மலையிறங்கினாள். அக்கா வீட்டு வாசலைக் கடக்கும்போது கால் தானாக உள்ளே திரும்பியது. சொன்னாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"கூட்டிட்டுப் போ."

நெட்டைக் காவலரும் கூட வர, மறுபடியும் குகைக்கு ஏறினார்கள். வெளியே வெளிச்சம் நன்றாகவே இருந்தது. இருட்டான இடத்தில் கால் வைக்காத அக்கா, விளக்கை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, துவாரத்துக்குள் தவழ்ந்து போனாள். சின்னவள் வெளியே வேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புல் சரசரக்கும் சத்தம் கேட்டது, யாரோ படுத்துப் புரண்டு இடம் சரிசெய்துகொள்வதுபோல. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காற்றும் நின்றுவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிடத் துணிவு வராமல் நின்றாள். நெட்டைக் காவலரும் அவளைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்து அக்கா வெளியே வந்தாள். கூந்தலில் புல் ஒட்டியிருந்தது. கன்னத்தின் ஒரு பக்கம் தூங்கி எழுந்ததுபோலச் சிவந்திருந்தது.

"உள்ள குளிரவே இல்லடி," என்றாள்.

சின்னவள் அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது உண்மையாகவே சூடாக இருந்தது. கரடி போய் எத்தனையோ நாளாகியிருந்தது.  கூந்தலிலிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ரோமத்தைப் பார்த்தாள். உண்ணி ஒன்றுகூட இல்லை. அடைப்பைக் கரைத்து வடிகட்டினாள். புல், சருகு, கறுப்பு ரோமம். அதன்பிறகும் வெகு நேரம் சல்லடையின்மேல் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.